காக்ளியர் கருவியோடு 18 மாதம்: ஒரு தமிழாசிரியை போடும் மதிப்பெண்

கும்பகோணத்தில் 31 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அதில் கடைசி ஆறு வருடம் பிள்ளைகள் பேசியது எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஆனால் ஒரு பையன் ‘வலி’ என்கிறானா, ‘வழி’ என்கிறானா என்று உதட்டில் தெரியாது. அது நாக்கின் வேலை, வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். உச்சரிப்பைத் திருத்த வேண்டிய ஒருத்திக்கு அது எப்படிப்பட்ட வேதனை என்று சொல்லத் தெரியவில்லை. மதிய உணவு இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

முதலில் காது மிஷின்தான் போட்டேன். ஒன்று மாற்றி ஒன்றாக மூன்று வாங்கினேன். சத்தம் பெரிதானதே தவிர தெளிவு வரவில்லை. மூன்றாவது மிஷினும் உதவவில்லை என்றபோதுதான் திருச்சியில் ஒரு காது மருத்துவர் காக்ளியர் இம்பிளாண்ட் என்ற, உள்காதுக்குள் வைக்கும் மின்கருவியைப் பற்றிச் சொன்னார். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், 60 வயதில், இடது காதில் வைத்துக்கொண்டேன். இப்போது 18 மாதம் ஆகிறது. வாங்கலாமா, பெற்றோருக்கு வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சந்தையில் இருக்கிற பெரிய நிறுவனங்கள் மூன்று நான்குதான். எந்தப் பெயரை வாங்குகிறோம் என்பதைவிட முக்கியமான விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன், இது என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது. புரிந்த பிறகுதான் பொறுமையும் வந்தது.

நம் உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. இரண்டரைச் சுற்று, நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். அதற்குள் வரிசையாக மயிரிழைச் செல்கள். ஒலி வந்து உள்ளே இருக்கும் திரவத்தை அசைக்கும்போது இந்தச் செல்கள் வளைந்து, செவி நரம்புக்கு வேதிச் செய்தி கொடுக்கின்றன. எந்த இடத்தில் இருக்கிற செல் அசைகிறது என்பதை வைத்துத்தான் மூளை சுருதியைத் தெரிந்துகொள்கிறது. சுருளின் வாசல் பக்கம் கீச்சென்ற ஒலிகள், உள்நுனியில் கனத்த ஒலிகள். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டு இருக்கிறதல்லவா, எந்த மெட்டில் விரல் விழுகிறதோ அந்த ஸ்வரம். அது போலத்தான்.

என்னைப் போன்றவர்களுக்குப் போனது அந்த மயிரிழைச் செல்கள். நரம்பு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறது, செய்தி சொல்ல ஆள் இல்லை. காது மிஷின் சத்தத்தைப் பெரிதாக்கி, இல்லாத செல்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. காக்ளியர் கருவி அந்தச் செல்களைத் தாண்டிப் போய் நரம்பிடமே பேசுகிறது. சுருளுக்குள் ஒரு மெல்லிய சிலிகான் இழையைச் செலுத்துகிறார்கள். அதில் பிளாட்டினத்தால் ஆன மின்முனைகள், நிறுவனத்துக்கு நிறுவனம் 12 முதல் 22 வரை. காதின் மேல் மாட்டுகிற புராசஸர் பேச்சை வாங்கி, அதைச் சுருதிவாரியாகப் பிரித்து, எந்த முனை எப்போது எவ்வளவு துடிக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு முனையும் நொடிக்குப் பல நூறு தடவை துடிக்கும். தோலுக்கு அடியில் இருக்கும் பகுதியில் பேட்டரி கிடையாது. மண்டையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள், தோலைத் தாண்டி ரேடியோ அலையாக மின்சாரத்தையும் செய்தியையும் சேர்த்தே அனுப்புகிறது.

என்னை வியக்கவைத்தது ஒரு சின்ன விவரம். ஒவ்வொரு துடிப்பிலும் நரம்புக்குக் கொடுத்த மின்னூட்டத்தை உடனே அதே அளவு எதிர்த்திசையில் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் முனையைச் சுற்றி வேதிவினை நடந்து திசு கெட்டுப்போகும். கொடுப்பதையும் எடுப்பதையும் மைக்ரோநொடிக் கணக்கில் சமன் செய்துகொண்டே ஒரு பொருள் வாழ்நாள் முழுக்க என் தலைக்குள் இருக்கப்போகிறது என்று நினைத்தபோது, இதைச் செய்தவர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

அந்த மனிதர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க். அவருடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர், காது சரியாகக் கேட்காதவர். வாடிக்கையாளர்கள் தங்கள் உடம்புக் கோளாறை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டியிருந்ததாம். வளைந்த சுருளுக்குள் மின்முனை இழையை எப்படிச் சேதமில்லாமல் நுழைப்பது என்று கிளார்க் தவித்துக்கொண்டிருந்தார். 1977-ல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லின் தாளைச் செலுத்திப் பார்த்திருக்கிறார். அடி விறைப்பாகவும் நுனி நெகிழ்வாகவும் இருந்த தாள் சுருண்டு சுருண்டு உள்ளே போயிற்று. அடுத்த ஆண்டு, 1978 ஆகஸ்ட் 1 அன்று, மெல்பர்னில் தன் முதல் நோயாளிக்குப் பல முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். அதற்குச் சில மாதம் முன்பே, 1977 டிசம்பரில், வியன்னாவில் இங்கேபோர்க் ஹோக்மைர், எர்வின் ஹோக்மைர் தம்பதி செய்த கருவி ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. அந்தப் புல்லைப் பற்றிப் படித்த அன்றைக்கு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அறுவை சிகிச்சை மூன்று மணி நேரம் நடந்தது. அதற்கு முன் மூளைக்காய்ச்சல் வராமல் தடுக்க நிமோகாக்கல் தடுப்பூசி போட்டார்கள். இதைத் தவறவிடாதீர்கள், மருத்துவமனையில் யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் லேசான தலைசுற்றல், நாக்கின் இடது ஓரத்தில் ஒரு மாதத்துக்கு உலோகச் சுவை. காப்பி கசந்தது. பிறகு தானாகச் சரியாகிவிட்டது.

நான் மயக்கத்தில் இருந்தபோதே கருவியும் என் நரம்பும் முதல் தடவையாகப் பேசிவிட்டிருந்தன. இதைப் பிறகு, கேட்கும் திறனைச் சோதித்துக் கருவியைச் சரிசெய்து தருகிற ஆடியாலஜிஸ்ட் கணினியில் காட்டினாள். சின்னப் பெண், 27 வயதுதான் இருக்கும், என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவாள். ஒரு முனை துடிப்பை அனுப்புகிறது. நரம்பு அதற்குப் பதில் சொல்கிறது. பக்கத்தில் இருக்கிற இன்னொரு முனை அந்தப் பதிலைக் காதுகொடுத்துக் கேட்டு வெளியே அனுப்புகிறது. எல்லாம் ஒரு மில்லிநொடிக்குள். திரையில் ஒரு சின்னப் பள்ளம், அடுத்து ஒரு சின்ன மேடு. அவ்வளவுதான் படம். “இது உங்க நரம்பு பேசினது டீச்சர்” என்று எழுதிக் காட்டினாள். வருடக்கணக்காக யார் கூப்பிட்டும் திரும்பாதவள் நான். என் நரம்பு கூப்பிட்டவுடன் பதில் சொல்லியிருக்கிறது. அங்கேயே அழுதுவிட்டேன்.

நாலாவது வாரம் ஸ்விட்ச் ஆன். வீடியோக்களில் வருவதுபோல, கருவியைப் போட்டவுடன் அம்மா குரல் கேட்டுக் குழந்தை சிரிக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். எனக்கு முதலில் கேட்டது பேச்சே இல்லை. தகர டப்பாவுக்குள் அடைத்த சில்வண்டு மாதிரி ஒரு ஒலி. என் மகள் “அம்மா, கேக்குதாம்மா?” என்றாள். அவள் வாய் அசைந்தபோது சில்வண்டு விட்டு விட்டுக் கத்தியது. அவள் குரலைப் போலவே இல்லை. மகள் குரல் நினைவிலாவது பத்திரமாக இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டதோ என்று பயந்துபோனேன்.

ஆடியாலஜிஸ்ட் பெண் அமைதியாக விளக்கினாள். இழை சுருளின் உள்நுனி வரை முழுதாகப் போவதில்லை. அதனால் கனத்த ஒலிகளைக்கூட, கீச்சொலிக்குப் பழகிய நரம்பிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மூளை தன் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளும், அதற்கு நாள் வேண்டும் என்றாள். பதினோராம் நாள் காலை, சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே மகள் ஏதோ சொன்னபோது, சில்வண்டுக்கு நடுவே அவள் குரலின் ஓரம் தெரிந்தது. ஆறு வாரத்தில் அது அவள் குரல்தான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நீங்கள் வாங்குவது கருவியை அல்ல, மேப்பிங்கை. ஒவ்வொரு முனைக்கும் எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவு வரை தாங்க முடிகிறது என்று அளந்து எழுதுவதுதான் மேப். ஒருவருடைய மேப் இன்னொருவருக்குப் பொருந்தாது. எனக்கே முதல் மாத மேப் மூன்றாம் மாதம் பொருந்தவில்லை. நரம்பு மாறிக்கொண்டே இருக்கிறது, கருவியும் அதற்கேற்ப மாற வேண்டும். ஒரு முனையைக் கூட்டியபோது என் இடது கண்ணிமை துடித்தது. முக நரம்பு மிக அருகில் ஓடுகிறது, மின்சாரம் அங்கே கசிகிறது என்று சொல்லி அந்த முனையை மட்டும் அணைத்துவிட்டாள். இதை எல்லோரும் கவனிப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன, அப்படி ஓர் இடத்தில் ஒரு முறை போய், வீட்டுக்கு வந்ததும் தலைவலியோடு படுத்தேன். அடுத்த வாரமே திருச்சிக்குப் போய்ப் பழைய மேப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். முதல் வருடம் பத்துத் தடவை போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தாள். கருவியை எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: முதலில் நல்ல ஆடியாலஜிஸ்ட்டைத் தேடுங்கள். அவர் எந்தக் கருவியோடு நன்றாக வேலை செய்கிறாரோ அதை வாங்குங்கள்.

மீதி வேலை வீட்டில். தினமும் காலையில் மகள் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகளைச் சொல்வாள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். கனத்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை பேச்சின் அகலம் முழுதும் இந்த ஆறில் அடங்கிவிடுகிறது. ஏதாவது ஒன்று கேட்காமல் போனால் கருவியில் கோளாறு என்று உடனே தெரியும். அப்புறம் நாளிதழ் வாசிப்பாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் ஊருக்குப் போன நாட்களில் பேத்தி அந்த வேலையைச் செய்தாள். மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். தப்பாகச் சொன்னால், “அம்மாச்சி, இன்னொரு தடவை” என்பாள். எனக்கு வாய்த்த மிக நல்ல வாத்தியார் அவள்தான்.

இனி மதிப்பெண். அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது நூற்றுக்கு 85 போடுவேன். உதட்டைப் பார்க்காமலே. இது ஒன்றுக்காகவே அத்தனை செலவும் தகும். போனில் 60, தெரிந்தவர் குரல் என்றால் இன்னும் கூட. கருவியிலிருந்தே நேராக போனோடு இணைத்துக்கொள்ளும் வசதி இருப்பதால் இவ்வளவு. கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்ட், ஓட்டல் என்றால் 30-க்கு மேல் கொடுக்க முடியாது. உள்ளே திரவம் இருப்பதால் ஒரு முனையின் மின்சாரம் பக்கத்து நரம்புக்கும் பரவிவிடுகிறது. எத்தனை முனை வைத்தாலும் பலருக்கு உண்மையில் தனித்தனியாகப் பயன்படுவது எட்டை ஒட்டித்தான் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சுமார் 30,000 நரம்பு இழைகளோடு எட்டுக் குரலில் பேசுகிறோம். அமைதியில் அது போதுகிறது, கூட்டத்தில் போதவில்லை.

இசைக்கு 20. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. எங்கள் தெருவில் தவில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது தவில் அப்படியே பழையபடி கேட்கிறது, ஒவ்வொரு சொல்லும் தெளிவு. நாகஸ்வரம் மட்டும் ஒரே ஸ்வரத்தில் யாரோ ஊதுவது போல இருக்கிறது. தோடியா, கல்யாணியா என்று தெரியவில்லை. தாளம் காலத்தில் இருக்கிறது, அதைக் கருவி நன்றாகச் சொல்கிறது. சுருதியின் நுணுக்கத்தை எட்டுக் குரலில் சொல்ல முடியவில்லை. பாட்டுக் கேட்கிற காதை எதிர்பார்த்து இதை வாங்காதீர்கள்.

அன்றாடச் சங்கடங்கள் சில உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில் வியர்வை இறங்கிப் புராசஸர் இரண்டு தடவை நின்றுவிட்டது. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து உலர்த்தாமல் இருக்கவே கூடாது. எண்ணெய் வைத்த தலையில் காயில் வழுக்குகிறது, பூ வைத்தால் கொண்டையோடு சேர்ந்து நகர்கிறது. காந்தம் வலுவாக இருந்ததால் இரண்டாம் மாதம் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. வலு குறைந்த காந்தம் மாற்றிக் கொடுத்தார்கள். புடவை எடுக்கக் குனிந்தபோது காயில் பிய்ந்துபோய் இரும்பு பீரோவில் ஒட்டிக்கொண்டது. எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் கருவி இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதற்கான அட்டையைப் பர்ஸிலேயே வைத்திருக்கிறேன். பேட்டரி காலையில் போட்டால் இரவு வரை தாங்குகிறது. ஒயர் ஒன்று பழுதானபோது நிறுவனத்திலிருந்து மாற்று வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் நான் பழையபடி செவிடாக இருந்தேன். இவ்வளவு விலை கொடுத்த பிறகு ஒயருக்கு மூன்று வாரம் காக்க வைப்பது நியாயமே இல்லை. வாங்கும்போதே கூடுதலாக ஒரு ஒயரும் ஒரு காயிலும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு: கருவி, அறுவை சிகிச்சை, எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பதரை லட்சம். ஓய்வூதியப் பணத்தில் பெரும்பகுதி. பெரியவர்களுக்கு இது கைக்காசுதான் என்று நினைத்துத் திட்டமிடுங்கள். குழந்தைகளுக்கு அப்படி இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். மேப்பிங்குக்குக் காத்திருந்த நாளில் அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயைப் பார்த்தேன். இரண்டரை வயதுப் பையன், காதில் நீலநிறப் புராசஸர். நான் அறுபது வயதில் பழகியதை அவன் பேச்சைக் கற்றுக்கொள்ளும்போதே பழகிவிடுகிறான். பிறவியிலேயே கேட்காத குழந்தை என்றால் ஒரு மாதத்தைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மூளை ஒலியைக் கற்றுக்கொள்ளும் காலம் சின்ன வயதுதான், கடந்துவிட்டால் அதே கருவி அவ்வளவு உதவாது. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ஒயர், பேட்டரி, புராசஸர் பழுது யார் பொறுப்பு என்பதையும் முதல் நாளே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாய் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள்.

ஒரு பாடம் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. ‘மனம்’, ‘மணம்’ இப்போது பிரிகிறது. ‘அரம்’, ‘அறம்’ நிதானமாகச் சொன்னால் பிரிகிறது. லகரமும் ளகரமும் பெரும்பாலும். ழகரம்தான் பிடிபடவில்லை. நாக்கு உள்நோக்கி வளையும்போது மேல்சுருதி ஒன்று கீழே இறங்கிப் பக்கத்துச் சுருதியோடு ஒட்டிக்கொள்கிறது. கருவியில் அந்தப் பகுதிக்கு இருப்பது சில முனைகள்தான். அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சென்னையில் வளர்ந்தவள், தனக்கே ழகரம் சரியாக வராது என்றாள். அதனால் அன்றைக்கு மேப்பிங் முடிந்ததும் அரைமணி நேரம் அவளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தேன். நாக்கு நுனி அண்ணத்தைத் தொடாமல் மேலே வளைய வேண்டும். எட்டாவது தடவை அவளுக்கு வந்தது. வந்தது எனக்குக் கேட்டது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பிடித்திருந்தாள்.

அடுத்த மேப்பிங் ஆகஸ்டில். பத்து மூவர் கூட்டங்கள் எழுதி வைத்திருக்கிறேன்: வலி, வளி, வழி. தலை, தளை, தழை. ஒலி, ஒளி, ஒழி. கலை, களை, கழை. போன தடவை முப்பதில் பதினேழு சரியாகச் சொன்னேன். அந்தப் பகுதி முனைகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பேத்தி தினமும் இரவு தூங்கப் போகும் முன் இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து, அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, என் இடது பக்கம் உட்காருகிறாள்.